முப்பத்திரண்டாம் வீடு எப்படிப் பச்சையானது

போன கிழமை உங்களில் ஒருவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. "அக்கா, சின்னக் கேள்விதான். செயலியில ஒரு பட்டியல் இருக்கு. ஒரு தரம் தட்டினா விபரம் தொறக்கணும், ரெண்டு தரம் தட்டினா வேலை முடிஞ்சதுன்னு குறிக்கணும். அப்படி வைக்கலாந்தானே?"

பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் கோபித்துக்கொண்டதாக அந்தப் பிள்ளை நினைத்திருக்கலாம். கோபம் இல்லை, பயம். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் அது போகவில்லை. வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். அவருக்கு மட்டுமல்ல, கண்டியில் அந்த மூன்றாம் மாடி அறையில் இப்போது வேலை செய்யும் உங்கள் எல்லோருக்கும்.

நாங்கள் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஒரு செயலி செய்தோம். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, ஆட்களை வெளியேற்ற வேண்டும். எந்த வீட்டில் ஆள் வெளியேறியாயிற்று, எந்த வீட்டில் இன்னும் இருக்கிறார்கள் என்பதை ஒரே இடத்தில் பார்க்க வேண்டும். அதற்குத்தான் அந்தச் செயலி. கைபேசியில் வீடுகளின் பட்டியல் வரும், ஒரு வரிக்கு ஒரு வீடு. சிவப்பு என்றால் உள்ளே ஆள் இருக்கிறார்கள். பச்சை என்றால் வெளியேறிவிட்டார்கள். ஒரு வரியை ஒரு தரம் தட்டினால் அந்த வீட்டின் பக்கம் திறக்கும். எத்தனை பேர், யார் படுக்கையில் இருக்கிறார்கள், தொலைபேசி எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். அதே வரியை இரண்டு தரம் வேகமாகத் தட்டினால் வீடு பச்சையாகிவிடும்.

இரண்டு தட்டல் என்பது என்னுடைய யோசனை. பச்சையாக்குவதற்கென்று தனியாக ஒரு பொத்தான் வைக்கலாம் என்று நியாஸ் சொன்னார். நியாஸ் மடவளையைச் சேர்ந்தவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், நிறுவனத்தை நடத்துகிறவர். "கொட்டுற மழைல ஒவ்வொரு பக்கமா தொறந்து பொத்தான் தேடிட்டு இருப்பாங்களா நியாஸ்?" என்று நான்தான் கேட்டேன். அவர் சிரித்து விட்டுக்கொடுத்துவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

உங்களுக்குத் தெரிந்த விஷயந்தான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இரண்டு தட்டலுக்கும் ஒரு வேலை இருக்கிறதென்றால், முதல் தட்டல் விழுந்தவுடனே கைபேசி பக்கத்தைத் திறந்துவிட முடியாது. இரண்டாவது வருகிறதா என்று கொஞ்சம் காத்திருந்து பார்க்க வேண்டும். அந்தக் காத்திருப்பைக் கால் வினாடி என்று வைத்திருந்தேன். கலஹாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் செயலியைப் பழக்கப் போனபோது, தொண்டர்களில் பாதிப் பேருக்கு அந்த வேகத்தில் தட்ட வரவில்லை. "ரெண்டு தட்டு தட்டுறேன் மிஸ், இது ஒண்ணுன்னு நெனச்சுக்குது" என்றாள் விஜி. அவள் அந்தத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. அவள்தான் தொண்டர்களுக்குத் தலைவி.

அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போதே மடிக்கணினியைத் திறந்து அந்தக் கால் வினாடியை அரை வினாடிக்கு மேலாக்கினேன். பேராதனை வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன்.

நான் செய்யாமல் விட்டது ஒன்று உண்டு. இரண்டு தட்டல்களுக்கு இடையில் எவ்வளவு நேரம் என்பதை மட்டுமே என் நிரல் பார்த்தது. இரண்டும் ஒரே வீட்டின் மேல்தான் விழுந்தனவா என்று பார்க்கவில்லை. கால் வினாடியாக இருந்தவரை அது வெளியே தெரியவில்லை. அவ்வளவு வேகத்தில் ஒரு விரல் இரண்டு வரிகளில் விழுவது அபூர்வம். நேரத்தை நீட்டியபோது அந்தக் கதவையும் சேர்த்து அகலத் திறந்து வைத்தது எனக்குத் தெரியவில்லை.

அந்த முறை மழை நாலு நாளாக விடவில்லை. ஐந்தாம் நாள் காலை ஒன்பதரைக்கு எச்சரிக்கை வந்தது. விஜியின் தோட்டத்தில், மலையோரமாக இருந்த லயங்களில் நாற்பத்தெட்டு வீடுகள். ஆட்களைக் கீழே உள்ள பாடசாலைக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் அலுவலகத்துச் சுவரிலிருந்த பெரிய திரையில் நாற்பத்தெட்டு சிவப்பு வரிகள். நானும் நியாஸும் அதற்கு முன்னால் நின்றோம். வெளியே மார்க்கட் பக்கம் கடைகள் பாதி திறந்திருந்தன. மழைச் சத்தத்தில் வாகனங்களின் ஹோர்ன்கூடக் கேட்கவில்லை.

பத்து மணிக்கு முதல் வரி பச்சையானது. பிறகு இரண்டு, ஐந்து, பன்னிரண்டு. பத்தரை தாண்டியதும் விஜி தொலைபேசியில் எடுத்தாள்.

"மிஸ், சில வீடு தொறக்க மாட்டேங்குது. தட்டிக்கிட்டே இருக்கேன், பக்கம் வருதில்ல."

"சிக்னல் கொறவா இருக்கும் விஜி. மெதுவா தட்டுங்க."

"கையெல்லாம் ஈரம் மிஸ். தொடச்சு தொடச்சுதான் தட்டுறேன்."

"பரவால்ல, நீங்க வேலையப் பாருங்க."

அவ்வளவுதான் பேசினோம். அவள் சொன்னதை நான் காதில் வாங்கினேன், ஆனால் கேட்கவில்லை. ஒருவர் களத்திலிருந்து, அதுவும் அப்படியொரு நேரத்தில், வேலையை விட்டுவிட்டு உங்களை எடுத்துப் பேசுகிறார் என்றால் அவர் சொல்வதை நிறுத்தி நிதானமாகக் கேளுங்கள். நான் அன்று சிக்னல் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

பதினொன்று பத்துக்குத் திரை முழுக்கப் பச்சை. தொண்டு நிறுவனத்திலிருந்து ஓர் அம்மா எடுத்து, "ரொம்ப நன்றி, நாங்க நெனச்சதவிட சீக்கிரமா முடிஞ்சிருச்சு" என்றார். நியாஸ் நாற்காலியில் விழுந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு மட்டும் உட்கார மனம் வரவில்லை. சில வீடு திறக்க மாட்டேங்குது என்றாளே. திறக்காத வீடுகள் பிறகு எப்படிப் பச்சையாயின?

கைபேசியில் விழும் ஒவ்வொரு தட்டலும் எங்கள் கணினியில் பதிவாகும். எந்த வரி, எத்தனை மணி, வினாடி உட்பட இருக்கும். அதைத் திறந்தேன். ஒரு வீட்டுக்குப் போகிறவள் வழக்கமாக முதலில் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள், ஆட்களை அனுப்புவாள், பிறகு பச்சையாக்குவாள். பக்கம் ஒருபோதும் திறக்கப்படாமலே பச்சையான வீடுகளைத் தேடினேன். ஒன்பது இருந்தன.

அவற்றில் எட்டு வீடுகளில், ஒரே வரியில் இரண்டு தட்டல்கள். அவளுக்குத் தெரிந்த குடும்பமாக இருந்து, பக்கத்தைத் திறக்காமலே பச்சையாக்கியிருக்கலாம். அல்லது பக்கத்தைத் திறக்கப் பார்த்து, திறக்கவில்லை என்று இன்னொரு தரம் தட்டியிருக்கலாம். எது என்று பதிவைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. ஒன்பதாவது மட்டும் வேறு மாதிரி. முதல் தட்டல் முப்பத்தோராம் வீட்டின் மேல். அரை வினாடிக்குள் அடுத்த தட்டல் முப்பத்திரண்டின் மேல். முப்பத்திரண்டைத் தேடிய விரல் தவறி மேல் வரியில் பட்டு, உடனே கீழே இறங்கியிருக்கிறது. இரண்டு வீடுகளில் ஒவ்வொரு தட்டல். என் நிரல் அதை இரட்டைத் தட்டல் என்று எடுத்து முப்பத்திரண்டைப் பச்சையாக்கிவிட்டது.

நியாஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"ரீட்டாக்கா, கொஞ்சம் நில்லுங்க. அந்த வீட்டுல ஆள் இரிக்கி எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இல்ல எண்டு தெரியுமா?"

"அதுவும் தெரியாது."

"அப்ப நாங்க என்னத்த சொல்ற? ஒம்பது வீட்டையும் திரும்பப் பாருங்க எண்டு சொன்னா, அவங்க மேல ஏறுவாங்க. மலை எந்த நேரமும் வரும் எண்டுதானே எச்சரிக்கை. ஏறின ஆக்கள் மேல மண் விழுந்தா?"

நியாஸைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். அவர் கேட்டது சரியான கேள்வி. ஒன்பது வீட்டையும் மறுபடி சிவப்பாக்கினால் என் சந்தேகத்துக்காக ஆட்களை அந்தச் சரிவுக்குத் திருப்பி அனுப்புகிறேன். பேசாமல் இருந்தால் உள்ளே யாராவது இருக்கிறார்களோ என்ற சந்தேகத்தோடு கைகட்டி நிற்கிறேன். இரண்டில் எதைச் செய்தாலும் ஒரு உயிருக்கு நான் பொறுப்பு. அந்த நிமிடம் நான் பட்ட பயத்தை எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பயத்துக்குள் ஒரே ஒரு உருப்படியான நினைப்பு வந்தது. ஆட்கள் எல்லாரும் இப்போது ஒரே இடத்தில் இருக்கிறார்கள். மேலே போய்த் தேட வேண்டாம், கீழே பெயர் கூப்பிட்டாலே போதும்.

விஜியை எடுத்தேன். மணி போகவில்லை. மறுபடி எடுத்தேன். 'தொடர்புகொள்ள முடியாதுள்ளது' என்று ஒரு பெண் குரல் மூன்று மொழிகளிலும் சொல்லி முடிக்கும்வரை காதில் வைத்திருந்தேன். ஆறாவது தரம்தான் அவள் எடுத்தாள். பின்னால் குழந்தைகள் அழும் சத்தம்.

"விஜி, நான் சொல்ற ஒம்பது வீட்டையும் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. ஆள் எழும்பி நிக்கணும். 'இருக்காங்க'ன்னு பக்கத்துல உள்ளவங்க சொன்னா எடுக்காதீங்க. கண்ணால பாக்கணும்."

"ஏன் மிஸ்? எல்லாம் பச்சையாச்சே."

"மொதல்ல கூப்பிடுங்க, பிறகு சொல்றேன்."

அவள் ஒரு கதிரையில் ஏறி நின்று கூப்பிட்டாள். ஒவ்வொரு பெயராக எனக்கும் கேட்டது. நான் இங்கே வெற்றிலைப் பெட்டி அளவுள்ள ஒரு காகிதத்தில் வீட்டு எண்களை எழுதி ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டு வந்தேன். எட்டு வீட்டுக்காரரும் இருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி, "இந்தா இருக்கேன்க்கா" என்று கத்தியது தெளிவாகக் கேட்டது.

"முப்பத்திரெண்டு, மாரிமுத்து."

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். சலசலப்பு. பிறகு விஜி போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"அவரு ஸ்டோருக்குப் போயிருப்பாருன்னு சொல்றாங்க மிஸ். அவருக்கு ராத்திரி வேல."

ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. நான் பிறந்ததும் ஒரு லயத்தில்தான். இரவு வேலைக்காரன் பகல் பதினொன்றரைக்கு எங்கே இருப்பான் என்று எனக்குத் தெரியும். கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டு, கம்பளியால் தலையை மூடி, தகரத்தின் மேல் விழும் மழைச் சத்தத்தில் வேறெதுவும் கேட்காமல் தூங்கிக்கொண்டிருப்பான்.

"வீட்டுல வேற யாரு விஜி?"

"யாருமில்ல. அவரு சம்சாரம் கொழும்புல ஒரு வீட்டுல வேல செய்யுது."

"ஸ்டோருக்கு அடிச்சுக் கேளுங்க."

கேட்டாள். காலை ஆறு மணிக்கே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார் என்று சொன்னார்கள். அதைச் சொல்லும்போது அவள் குரல் மாறிவிட்டது. "நான் அந்த வீட்டுக் கதவத் தட்டலையே மிஸ். கூப்பிடலாம்னு நம்பரப் பாக்கப் போனேன், தொறக்கல. அதுக்குள்ள இந்தப் பக்கம் ஒரு அம்மா மயங்கி விழுந்துட்டாங்க. திரும்பிப் பாக்கும்போது பச்சையா இருந்துச்சு. யாரோ அனுப்பிட்டாங்க, நான்தான் குறிச்சிருக்கேன்னு நெனச்சுட்டேன்."

"கிராம சேவகர்கிட்ட சொல்லுங்க, ஆம்பள ஆளுங்க ரெண்டு பேர அனுப்பட்டும்."

"நானும் போறேன் மிஸ். நான் பச்சையாக்குனது. நான்தான் போகணும்."

இந்த இடத்தைத்தான் நான் வாயால் சொல்ல முடியாமல் எழுதுகிறேன். இல்லை விஜி, அதைப் பச்சையாக்கினது நீங்க இல்ல, நான் எழுதின நிரல், நீங்க போகாதீங்க என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் போதும். வாய்வரை வந்தது. பக்கத்தில் நியாஸ் நின்றார். சுவரில் நாற்பத்தெட்டு பச்சை வரிகள். "கவனமா போங்க" என்று மட்டும் சொன்னேன்.

போனை வைக்க வேண்டாம் என்றேன். அவள் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள் போலிருக்கிறது. அதன் பிறகு எனக்குக் கேட்டதெல்லாம் மழை, சேற்றில் கால் வைக்கும் சத்தம், அவள் மூச்சு. ஆண் குரல் ஒன்று, "பாத்து வா தங்கச்சி, இங்க வெடிச்சிருக்கு" என்றது. தரையில் விரிசல் விழுந்திருந்தால் வெடிச்சிருக்கு என்பார்கள். நியாஸும் என் தோளோடு குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கதவை உடைக்கும் சத்தம் கேட்டது. "மாரிமுத்தண்ணே! மாரிமுத்தண்ணே!" என்று விஜி கத்தினாள்.

அதன் பிறகு லொறியிலிருந்து கல் கொட்டுவது போன்ற ஒரு சத்தம். தொடர்பு அறுந்தது.

இருபத்திரண்டு நிமிடம். திரும்பத் திரும்ப எடுத்தேன். நியாஸ் ஒரு மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று துஆ கேட்டார். நான் ஜெபம் சொல்ல முயன்றேன். "பரலோகத்தில் இருக்கிற" என்பதற்கு மேல் வரவில்லை. சின்ன வயதிலிருந்து சொல்லி வந்த ஜெபம் மறந்துபோனது. அந்த இருபத்திரண்டு நிமிடத்திலும் நான் நினைத்தது மாரிமுத்துவைப் பற்றி அல்ல. விஜி செத்துவிட்டால், அவள் தன் பிழையென்று நினைத்துக்கொண்டே செத்திருப்பாள் என்பதுதான்.

பன்னிரண்டரைக்கு வேறொருவருடைய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"மிஸ், ஆள எடுத்தாச்சு." விஜிதான். அழுகையும் இருமலும். "பின்சொவரு விழுந்திருச்சு மிஸ். நாங்க போறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் விழுந்திருக்கு. அவரு தகரத்துக்குக் கீழ கெடந்தாரு. காலு ரெண்டு எடத்துல ஒடஞ்சிருக்கு. உசுரு இருக்கு."

"நீங்க?"

"நாங்க நல்லாருக்கோம். அவரத் தூக்கும்போது மறுபடி மண்ணு சரிஞ்சிச்சு, என் போனுதான் உள்ள போயிருச்சு."

கணக்கு எளிது. அவள் முப்பத்திரண்டின் பக்கத்தைத் தேடியது பத்தே முக்கால் அளவில். அது திறந்திருந்தாலோ, வீடு சிவப்பாகவே நின்றிருந்தாலோ, பதினொரு மணிக்குள் யாராவது அந்தக் கதவைத் தட்டியிருப்பார்கள். அந்த மனிதர் தன் இரண்டு காலாலும் நடந்து வெளியே வந்திருப்பார். அன்று பிற்பகல் மூன்றரைக்கு அந்த லயத்தின் பாதி மண்ணோடு இறங்கியது. உள்ளே யாரும் இல்லை.

நீங்கள் எதிர்பார்க்கும் பாடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிரலைத் திருத்த எனக்கு ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. இரட்டைத் தட்டலை எடுத்துவிட்டேன். எத்தனை தரம் தட்டினாலும் பக்கம் மட்டும் உடனே திறக்கும், காத்திருப்பு இல்லை. பச்சையாக்குவதற்குப் பக்கத்துக்குள் ஒரு பெரிய பொத்தான். அதை அமுக்கினால் வீட்டு எண்ணையும் பெயரையும் சொல்லி, எல்லாரும் வெளியேறிவிட்டார்களா என்று கேட்கும். திருப்பியெடுக்கவும் வழி உண்டு. பாட்டுக்கு இதயம் போடுகிற செயலியில் இரண்டு தட்டல் வைத்தால் ஒன்றும் ஆகாது. ஒரு ஆள் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்பதை அதில் வைக்காதீர்கள். விரல் நடுங்கும், திரை நனையும், திறக்கவில்லை என்றால் மனிதர் மறுபடி தட்டுவார். அது அவர் குற்றமில்லை.

ஆனால் இதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

தொண்டு நிறுவனம் விளக்கம் கேட்டது. நியாஸ் அறிக்கையைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். 'களத்தில் பாவனையாளர் தவறுதலாகத் தட்டியதால்' என்று ஒரு வரி இருந்தது.

"பொய் இல்லதானே அக்கா. அந்தப் புள்ளதானே தட்டின. அடுத்த வேல தர யோசிக்கிறாங்க. எங்கட நிரல்ல பிழை எண்டு எழுதினா பதினாலு பேருக்கும் வேல இல்லாம போகும்."

எனக்கு ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அன்று முதல் மூன்று கிழமை நான் சரியாகச் சாப்பிட்டதாக நினைவில்லை. போன் அடித்தால் விஜியாக இருக்குமோ என்று நினைப்பேன். அவள் எடுக்கவே இல்லை.

மூன்றாம் கிழமை முடிவில் தொண்டு நிறுவனத்து அம்மா வேறு விஷயத்துக்காக எடுத்தார். பேச்சோடு பேச்சாக, "அந்தத் தோட்டத்துப் பிள்ளையைத் தலைவி வேலையிலிருந்து மாத்தியாச்சு. ஆட்களும் அவளோட கொஞ்சம் கோவம். நல்ல பிள்ளைதான், பாவம், கவனமில்ல" என்றார்.

மறுநாள் காலை குட்ஷெட் பஸ் நிலையத்தில் கலஹா பஸ் ஏறினேன். பஸ்ஸில் இருந்தபடி நியாஸை எடுத்து எங்கே போகிறேன் என்று சொன்னேன். "போங்க அக்கா" என்றார். "நானும் வாறேன் எண்டு சொல்ல எனக்கு வாய் வருதில்ல. அந்த அறிக்கைய நான் மாத்தி எழுதுறேன்." எழுதினார். எங்களுக்கு அந்த அடுத்த வேலை கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு பேர் வேறு இடம் தேடிப் போனார்கள். இதெல்லாம் நடக்காது என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன்.

விஜி பிள்ளைக் காம்பராவில் இருந்தாள். ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகத்தில் வந்தது பயம்.

"மிஸ், நான் எழுதிக் குடுக்கணுமா? பொலிஸுக்குப் போவுமா இது?"

"இல்ல விஜி. உக்காருங்க." அவள் உட்காரவில்லை. நானும் நின்றுகொண்டே சொன்னேன். முப்பத்தொன்றில் ஒரு தட்டல், முப்பத்திரண்டில் ஒரு தட்டல், நான் பார்க்க மறந்தது, நேரத்தை நீட்டியது, எல்லாவற்றையும்.

அவள் குழந்தையைத் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"அப்ப யாரு தட்டியிருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்குமா?"

"ஆமா."

"இது உங்களுக்கு எப்ப தெரியும் மிஸ்?"

"அன்னைக்கே. நீங்க மேல ஏறுறதுக்கு முன்னயே."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் குழந்தையை உடன் இருந்தவளிடம் கொடுத்தாள், செருப்பைப் போட்டாள். "மூணு கெழம மிஸ்" என்றாள். "என்னப் பாத்தா ஆளுங்க பேச்ச நிறுத்திருவாங்க. அவரு சம்சாரம் கொழும்புலருந்து வந்து எங்க வாசல்ல நின்னு மண்ண அள்ளித் தூத்திட்டுப் போச்சு. என்கிட்ட சொன்னது போதாது. வாங்க, அங்க வந்து சொல்லுங்க."

வீடிழந்தவர்கள் அப்போதும் பாடசாலை மண்டபத்தில்தான் தங்கியிருந்தார்கள். நடந்து போன தூரம் அரை மைல் இருக்கும். அவள் முன்னால் போனாள். ஆட்கள் அடிப்பார்களோ என்றுகூட நினைத்தேன். அடித்தாலும் நியாயம் என்றும் நினைத்தேன்.

மாரிமுத்து வைத்தியசாலையிலிருந்து வந்து, ஒரு கதிரையில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை இன்னொரு கதிரையில் நீட்டியிருந்தார். நாற்பத்தைந்து வயதுக்காரர், மெலிந்தவர். அவர் மனைவி பக்கத்தில். மெல்ல மெல்ல ஆட்கள் கூடினார்கள். நான் சொன்னேன். நிரல் என்றால் என்ன என்று இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது. "இந்தப் பிள்ள மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னோடது. தெரிஞ்சும் பேசாம இருந்தது அதவிடப் பெரிய தப்பு" என்று முடித்தேன்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மாரிமுத்துவின் மனைவி என்னைப் பார்க்கவில்லை, விஜியைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"இப்ப அது சரியாயிருச்சுங்களா?" என்று மாரிமுத்து கேட்டார். "திரும்ப மழ வரப்போகுதாம்."

"சரியாக்கிட்டேன்."

"காட்டுங்க."

என் கைபேசியில் செயலியைத் திறந்து அவரிடம் கொடுத்தேன். பட்டியல் முழுக்கச் சிவப்பு. அவர் தன் வீட்டு எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தார். அந்த வீடு இப்போது இல்லை, எண் மட்டும் இருந்தது. இரண்டு தரம் வேகமாகத் தட்டினார். பக்கம் திறந்தது, அவ்வளவுதான். பட்டியலுக்குத் திரும்பி வந்து மேல் வரியில் ஒன்றும் கீழ் வரியில் ஒன்றுமாகத் தட்டினார். மேசையில் ஆணி அடிப்பது போல நாலு, ஐந்து, ஆறு தரம் தட்டினார். வரி சிவப்பாகவே இருந்தது.

அவர் போனை விஜியிடம் நீட்டினார். "நீயும் தட்டிப் பாரு புள்ள."

விஜி இரண்டு கைகளையும் ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டாள்.